இடது கைக்கு ஒரு கடை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. நான்கு வருடத்துக்குப் பிறகு உன் கையெழுத்தை உறைமேல் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பிரித்தால், எனக்குத்தான் ஆகியிருக்கிறது. என் வேலை போன செய்தி உன் காதுக்கு வர எட்டு மாதம் பிடித்திருக்கிறது. நம் உறவுக்காரர்களின் நாக்குக்கும் வயதாகிவிட்டது போலும்.

போனில் பேசலாமே என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். போனில் மூன்றாவது நிமிடம் நான் கத்துவேன், ஐந்தாவது நிமிடம் நீ அழுவாய். என் மகளின் கல்யாணப் பத்திரிகையில் ஞாயிறுக்குப் பதில் திங்கள் என்று இருப்பதை, நானூறும் அச்சாகி வந்த பிறகு நீ போனில்தான் சொன்னாய். பிழை பார்த்தவன் நான். “நீ எப்படிடா இதை விட்டே?” என்று கேட்டாய். அந்த ‘நீ எப்படிடா’ இன்னும் என் காதில் இருக்கிறது. கடிதமென்றால் கிழித்துப் போடவாவது அவகாசம் உண்டு. எழுதுவோம்.

வேலை போனது எப்படி என்று கேட்டாய். இருபத்து நான்கு வருடம் ஜியாமெட்ரி பெட்டித் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு. என் மேசையைத் தாண்டி ஒரு கோணல் அளவுகோல் போனதில்லை. எனக்குக் கீழே இருந்தவன் மானேஜர் ஆனான். எதற்கெடுத்தாலும் சிரிப்பான், நான் வைத்த பெயர் சிரிப்பு. கால் ஆடுகிற கவராயம் ஒரு லோடு வந்தது. “சார், ஒரு கையெழுத்துதானே” என்று சிரித்தான். போடவில்லை. அடுத்த மாதம் ஆட்குறைப்பு. குறைந்த ஆள் நான் ஒருவன்தான்.

இப்போது இணையத்தில் கடை வைத்திருக்கிறேன். வைத்திருக்கிறேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. போன் உறை விற்றேன். மூன்று மாதத்தில் பதினொன்று போயின, அதில் ஏழு என் மனைவியின் வீட்டார் வாங்கியவை. தண்ணீர் பாட்டில் விற்றேன். அதே பாட்டிலை எட்டாயிரம் பேர் விற்கிறார்கள். பிறகு கோட்டுப் போட்ட ஒருவரின் வீடியோ வகுப்பில் சேர்ந்தேன். “எல்லாருக்கும் எல்லாம் விற்காதே. உன் மூலையைக் கண்டுபிடி. வேறு யாரும் திரும்பிப் பார்க்காத ஆட்களைப் பிடி” என்கிறார். என் மனைவியிடம் சொன்னேன். “எட்டு மாசமா மூலையிலதானே உக்காந்திருக்கீங்க, இன்னும் கண்டுபிடிக்கலையா?” என்றாள்.

அவள் இந்த வருடக் கடைசிவரை தவணை கொடுத்திருக்கிறாள். அதற்குள் கடை நிற்கவில்லையென்றால் சிரிப்பிடம் போக வேண்டும். “சாருக்கு நாற்காலி எப்பவும் இருக்கு” என்று சொல்லியனுப்பியிருக்கிறான். பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவனுக்கான நாற்காலி அது. அதில் போய் உட்காருவதைவிட ஹாலின் நடுவில் பாட்டில்களோடு செத்துக் கிடக்கலாம்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஜனவரி 27

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். அத்தானுக்கு மட்டும் முட்டி வலி. படியேற மாட்டேன் என்கிறார், இறங்கவும் மாட்டேன் என்கிறார். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பத்திரிகை விஷயத்தை நானும் மறக்கவில்லை. அன்றைக்கு நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கலாம் என்று நான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதை விடு.

உன் மூலையைப் பற்றி எங்கள் வெட்டுமேசையில் எல்லாரிடமும் கேட்டேன். தைக்கிற பிரிவில் இருபது பேர், துணி வெட்டுகிற மேசையில் நாங்கள் ஐந்து பேர். யோசனைக்கா பஞ்சம்? “குள்ளமானவங்களுக்கு மடிச்சுத் தைக்க வேண்டாத பேன்ட்” என்றாள் ஒருத்தி. “குறட்டை விடுற புருஷனுக்கு ஏதாவது” என்றாள் இன்னொருத்தி. “அதுக்குக் கூட்டம் தாங்காது, மூலை பத்தாது” என்று சிரித்தார்கள்.

எங்கள் மேசையில் ஒரு இடதுகைக்காரி இருக்கிறாள். நன்றாக வெட்டுவாள், ஆனால் அவள் கைக்கு ஏற்ற கத்தரிக்கோல் எங்கேயும் கிடைப்பதில்லை. வலது கைக் கத்தரிக்கோலைத்தான் கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு பிடிக்கிறாள். அவளைக் கேட்டேன். “எனக்கு ஒரு கத்தரிக்கோல் வித்தா போதும்க்கா, உங்க தம்பிக்குக் கோயில் கட்டுறேன்” என்றாள். சும்மா பேச்சுக்குச் சொன்னாள்.

வேளைக்குச் சாப்பிடு. எல்லாவற்றையும் மனதில் போட்டுக்கொள்ளாதே.

அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்த ஒரு முறை அந்தச் சொல்லை உண்மையாகவே எழுதுகிறேன்.

கண்டுபிடித்துவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே என் மனதில் ஓடிக்கொண்டிருந்ததுதான். இருந்தாலும் அந்தக் கட்டைவிரல் துணி அதை மேலே கொண்டுவந்தது, ஒப்புக்கொள்கிறேன். இடதுகைக்காரர்கள்! பத்துப் பேரில் ஒருவர். கத்தரிக்கோல், காய் சீவுகிற கத்தி, சுருள் நோட்டு, எதுவும் அவர்களுக்காகச் செய்யப்பட்டதில்லை. யாரும் திரும்பிப் பார்க்காத ஆட்கள் என்றால் இவர்கள்தான். கோட்டுக்காரருக்கு எழுதிப் போட்டேன். “சொந்தக் கதை உள்ளவனே மூலையைப் பிடிப்பான்” என்று பதில் வந்தது. எல்லாருக்கும் இதையேதான் அனுப்புவாராக இருக்கும். ஆனால் என்னிடம் கதை இருக்கிறதே.

உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு ஆறு வயது. அப்பா என் இடது கையைத் துண்டால் நாற்காலிக் காலோடு கட்டிவிட்டு, வலது கையில் பென்சிலைக் கொடுத்தார். ஒரு மணி நேரம் என்று சொல்லிவிட்டு வெளியே போவார். ஒரு வருடம், தினமும். அந்தக் கை அதற்குப் பிறகு ஒன்றுக்கும் உதவாமல் தொங்குகிறது. நான் படித்தேன், முதல் மதிப்பெண் வாங்கினேன், எல்லாம் அவர் கொடுத்த கையால். அதற்காக நன்றி சொல்ல வேண்டுமென்று அவர் சாகும்வரை எதிர்பார்த்தார். நான் சொல்லவில்லை. சொல்லாததில் எனக்கு வருத்தமும் இல்லை.

கடையின் முதல் பக்கத்தில் இந்தக் கதையைத்தான் போடப் போகிறேன். கத்தரிக்கோலில் தொடங்குகிறேன். செய்து தருகிற பட்டறை ஒன்று கிடைத்திருக்கிறது, சாம்பிள் அனுப்புகிறார்கள்.

எழுபது வயதுவரை நீ இருந்து இதைப் பார்க்க வேண்டும். உடம்பைக் கவனி.

தம்பி


மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

சுகம். உன் கடிதம் சந்தோஷமாக இருந்தது. சத்தம் போட்டு அத்தானுக்குப் படித்துக் காட்டினேன், துண்டு பற்றிய இடத்தைத் தவிர.

எனக்கு ஞாபகம் இருக்கிறதுடா. அப்பா போய்ப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. அவரைக் கடையின் முதல் பக்கத்தில் நிற்க வைக்கத்தான் வேண்டுமா? உன் கடை, உன் இஷ்டம்.

சாம்பிள் வந்ததும் எனக்கு ஒன்று அனுப்பு. முப்பத்தொரு வருடமாகக் கத்தரிக்கோலோடுதான் குடித்தனம் நடத்துகிறேன்.

அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. அத்தானின் முட்டிக்கு இங்கே ஒருவர் தரும் தைலத்தை இந்தப் பார்சலிலேயே வைத்திருக்கிறேன். கூடவே ஒரு கத்தரிக்கோலும்.

சாம்பிள் இரண்டு வந்தன. பழைய வழக்கப்படிதான் சோதித்தேன். வேலை போனாலும் கை போகவில்லை. காகிதம் ஐம்பது, அட்டை ஐம்பது, துணி ஐம்பது, மடித்த துணி ஐம்பது. ஆக இருநூறு வெட்டு. ஒரு வெட்டுகூடப் பிசிறவில்லை. திருகாணி ஆடவில்லை. அலகுகள் நுனிவரை ஒட்டி வருகின்றன. கைப்பிடி மட்டும் என் கட்டைவிரலை நன்றாக உறுத்தியது. இடதுகைக்கென்று வளைத்த கைப்பிடி வலது கையை உறுத்தத்தானே செய்யும்? அதையே ஓர் அத்தாட்சியாகக் குறித்துக்கொண்டேன். வலது கட்டைவிரலில் கொப்புளம் வந்துவிட்டது. பல வருடத்துக்குப் பிறகு வேலை செய்து வந்த கொப்புளம். உடைக்காமல் வைத்திருக்கிறேன்.

மனைவி பார்த்துவிட்டு, “இதை வாங்க அத்தனை பேர் இருக்காங்களா?” என்று கேட்டாள். அவள் கேள்வியாகக் கேட்டது பத்து மாதத்தில் இதுதான் முதல் தடவை. இதற்கு முன்னால் எல்லாம் தீர்ப்பு.

ஏப்ரல் 25ஆம் தேதி அறுநூறுக்கு ஆர்டர் கொடுக்கிறேன். ஒரே மாதிரி என்றால் அறுநூறுக்குக் குறைந்து செய்ய மாட்டார்களாம். வேலை போனபோது வந்த தொகையில் மிச்சம் இருந்தது முழுவதும் இதில் போகிறது. அதற்குமுன் உன் வாயால் ஒரு நல்ல வார்த்தை வந்தால் போதும். எழுது.

தம்பி


ஏப்ரல் 18

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். தைலம் அத்தானுக்கு நன்றாகக் கேட்கிறது. நேற்று தானாகவே படியிறங்கிப் போய்ப் பால் வாங்கி வந்தார்.

பார்சல் பத்திரமாக வந்தது. பெட்டி மிக அழகாக இருக்கிறது. அந்தப் பச்சை நிறக் கைப்பிடி கண்ணைப் பறிக்கிறது. மேலே அச்சடித்திருக்கும் எழுத்தும் நன்றாக இருக்கிறது. எஃகு நல்ல எஃகுதான். உறையைக்கூட நான் தூக்கிப் போடவில்லை, ஊசிகள் வைத்துக்கொண்டேன்.

எங்கள் இடதுகைக்காரி லீவில் இருக்கிறாள். வந்ததும் காட்டுகிறேன். எனக்கு ஒரு யோசனை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் உன் தெருவில் யாராவது இடதுகைக்காரர் இருந்தால் அவர் கையில் ஒரு வாரம் கொடுத்துப் பார்க்கலாமே? நீ பார்த்துவிட்டாய், சரி. இருந்தாலும் தினமும் இடது கையால் புழங்குகிற ஒருவர் என்றால் நல்லது என்று தோன்றியது. அவ்வளவுதான். கொப்புளத்துக்கு மஞ்சள் பூசு.

இங்கே வெயில் கடுமை. மேசையில் மின்விசிறி போட்டால் துணி பறக்கிறது, போடாவிட்டால் நாங்கள் பறக்கிறோம்.

அக்கா


ஏப்ரல் 26

அக்காவுக்கு,

நலம்.

கடிதம் கிடைத்தது. இருபத்து நான்கு வருடம் ஒரு பொருள் தேறுமா தேறாதா என்று சொல்வதற்கே சம்பளம் வாங்கினேன். தெருவில் யாரையாவது பிடித்து வந்து கையில் கொடுத்துச் சோதிக்கச் சொல்கிறாய். இடதுகைக்காரர் ஒருவர் வேண்டுமாம்! நான் யார்? என்னைவிட இடதுகைக்காரன் எந்தத் தெருவில் இருக்கிறான்? உன் கடிதத்தில் நல்ல வார்த்தை பெட்டிக்கும் பச்சை நிறத்துக்கும்தான் கிடைத்திருக்கிறது. பரவாயில்லை. நம் வீட்டில் யாரும் யாரையும் முழு மனதோடு பாராட்டியதில்லை. நீ அப்பாவின் மகள்தானே.

நேற்று ஆர்டர் கொடுத்துவிட்டேன்.

தம்பி


ஜூலை 7

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா? இரண்டு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன கடிதம் கொஞ்சம் காட்டமாகப் போய்விட்டது என்று எழுதிய மறுநாளே தெரியும். தபால் பெட்டிக்குள் கைவிட்டு எடுக்க முடியாதே.

ஹாலில் அறுநூறு பெட்டிகள் சுவர் மாதிரி நிற்கின்றன. விருந்தாளி வந்தால் சமையலறையில்தான் உட்கார வைக்கிறோம். கடை ஜூன் மாதம் திறந்தது. முதல் பக்கத்தில் துண்டுக் கதை. முதல் வாரமே நாற்பது போயின! அக்கா, நாற்பது. மனைவி பார்சலுக்கு டேப் ஒட்டினாள். நான் முகவரி எழுதினேன். ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொள்ளாமலே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சந்தோஷமாக இருந்தோம். பலர் கடிதம் போல எழுதினார்கள். “என்னையும் கட்டிப்போட்டார்கள்” என்று ஒருவர். “என் டீச்சர் விரலுக்கு நடுவில் பென்சில் வைத்து அழுத்துவார்” என்று ஒரு அம்மாள்.

அதற்குப் பிறகு அதே ஆட்கள் வேறு மாதிரி எழுத ஆரம்பித்தார்கள். “துணி மடங்கிக்கொள்கிறது.” “அலகுக்கு நடுவில் காகிதம் மாட்டுகிறது.” “வெட்டுகிற கோடு தெரியவில்லை.” ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினேன். ‘வாழ்நாள் முழுவதும் தவறான கத்தரிக்கோலைப் பிடித்துத் தாங்கள் கையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சரியான பொருள் கைக்கு வந்ததும் அது தவறாகத் தெரிகிறது. பத்து நாள் பழகவும்.’ ஒருவர் திரும்ப எழுதினார்: “பழகிவிட்டேன், என் பழைய கத்தரிக்கோலுக்கே.” எழுபத்தொன்று விற்றதில் முப்பத்தெட்டு திரும்பி வந்துவிட்டன. கோட்டுக்காரர், “வாடிக்கையாளரிடம் வாதாடாதே, நன்றி சொல்” என்கிறார். குறை சொல்கிறவனுக்கு எதற்கு நன்றி? பொருளைப் பார்த்தவன் நான்.

உன் இடதுகைக்காரி லீவிலிருந்து வந்திருப்பாளே. அவள் என்ன சொன்னாள்?

தம்பி


ஜூலை 21

அன்புத் தம்பிக்கு,

சுகம். கோபமெல்லாம் இல்லை. கண்ணில் ஒரு சின்னச் சிகிச்சை, அதனால்தான் எழுத முடியவில்லை. இப்போது சரியாகிவிட்டது.

திருப்பி அனுப்புகிறவர்களிடம் சண்டை போடாதே. அவர்கள் சொல்வதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேள். யாராவது ஒருவரை நேரில் வரச் சொல்லிப் பேசு. என் பேச்சை இந்த ஒரு தடவை கேளேன்.

அக்கா


ஆகஸ்ட் 17

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவில்லை. முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

நீ சொன்னதற்காக இல்லை, தானாகவே ஒரு பெண்மணி வந்தார். புத்தகம் பைண்டிங் செய்கிறவர். ஐம்பது வயதிருக்கும். இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறார். பெட்டிச் சுவருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டேன். பையிலிருந்து என் கத்தரிக்கோலை எடுத்து மேசையில் வைத்தார்.

“காசு வேண்டாம் சார். ஒரு சந்தேகம். அதைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்.”

“என்ன சந்தேகம்?”

“இதை விக்கிறதுக்கு முன்னால யாராவது வெட்டிப் பாத்தாங்களா?”

“இருநூறு தடவை.”

“யாரு?”

“நான்தான்.”

“எங்கே, எனக்கு ஒரு தடவை வெட்டிக் காட்டுங்க.”

செய்தித்தாளை எடுத்து ஒரே கோடாக வெட்டிக் காட்டினேன். நூல் பிடித்தது போல வந்தது. “பாத்தீங்களா?” என்றேன். அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார் வலது கைக்காரரா?”

“இல்லம்மா. நான் பிறவியிலேயே இடதுகைக்காரன். கடையில எழுதியிருக்கேனே, படிக்கலையா?”

“படிச்சேன். அழுதேன். அதனாலதான் வாங்கினேன்.”

சமையலறை வாசலில் நின்றிருந்த என் மனைவி, “என்னங்க, உங்க கை” என்றாள். குனிந்து பார்த்தேன். கத்தரிக்கோல் என் வலது கையில் இருந்தது.

இருநூறு வெட்டும் வலது கையால் வெட்டியிருக்கிறேன், அக்கா. வேறு கை எனக்கு ஞாபகமே வரவில்லை. கொப்புளம் எந்தக் கையில் என்று உனக்கு எழுதியும் இருக்கிறேன், உறுத்தியதை அத்தாட்சி என்றும் எழுதினேன், அப்போதுகூட உறைக்கவில்லை.

அந்த அம்மாள் பொறுமையாக விளக்கினார். கத்தரிக்கோல் கூர்மையால் மட்டும் வெட்டுவதில்லையாம்; விரல் அழுத்தும்போது இரண்டு அலகும் ஒன்றோடொன்று நெருங்க வேண்டும். வலது கை அழுத்தினால் நெருங்குகிற மாதிரி அமைந்த அலகு, இடது கை அழுத்தினால் விலகும். துணி நடுவில் மடங்கும். இடது கைக்கு அலகையே மாற்றி வைக்க வேண்டும். “உங்களுக்குச் செஞ்சு குடுத்தவன் கைப்பிடியை மட்டும் திருப்பிட்டான் சார். இது வலது கைக்குப் பிடிக்க முடியாது, இடது கைக்கு வெட்டாது.” எந்தக் கைக்கும் இல்லாத ஒரு கத்தரிக்கோல், அறுநூறு.

அவர் போன பிறகு இடது கையில் எடுத்துப் பார்த்தேன். விரல்கள் ஓட்டைக்குள்ளேயே சரியாகப் போகவில்லை. காகிதம் மடங்கியது. வெட்டாதது கத்தரிக்கோலா, என் கையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இருபத்து நான்கு வருடத் தரக்கட்டுப்பாடு!

பட்டறைக்காரனிடம் கேட்டேன். “சாம்பிளை நீங்கதானே சார் ஓகே பண்ணீங்க?” என்றான். என் கையெழுத்து அவனிடம் இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். முப்பத்தொரு வருடமாகக் கத்தரிக்கோலோடு குடித்தனம் என்று எழுதினாயே. பெட்டியைத் திறந்த அன்று உனக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா?

தம்பி


செப்டம்பர் 30

தம்பிக்கு,

இதை எழுத ஆறு வாரம் ஆகியிருக்கிறது. கண்ணில் சிகிச்சை எதுவும் நடக்கவில்லை. அது பொய்.

தெரிந்தது. கையில் எடுக்கக்கூடத் தேவைப்படவில்லை, பெட்டியில் கிடந்த நிலையிலேயே தெரிந்தது. எந்த அலகு மேலே இருக்கிறது என்று பார்த்தால் போதும். இடதுகைக்காரி லீவிலும் இல்லை. அன்று மத்தியானமே அவள் கையில் கொடுத்தேன். ஒரு வெட்டு வெட்டிவிட்டு, “வேஷம்க்கா இது” என்று திருப்பிக் கொடுத்தாள். யாரிடமும் சொல்லாதே என்றேன்.

அன்று உனக்கு மூன்று கடிதம் எழுதினேன், மூன்றாவதுதான் தபாலில் போனது. முதல் கடிதத்தில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். எழுதி முடித்துப் படித்தபோது, நீ அதைப் படிக்கிற முகம் தெரிந்தது. உன்னிடம் ஒரு தப்பைச் சொல்வதற்கு உயிர் போகிறதுடா. ஒரு கிழமை தப்பு என்று சொன்னதற்கு நான்கு வருடம் எனக்குத் தம்பி இல்லை. உன் மகள் குழந்தை பெற்றதை மூன்றாம் மனிதர் சொல்லித் தெரிந்துகொண்டேன். இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறான், அதுவும் சந்தோஷமாக எழுதுகிறான், எப்படியாவது அவனே கண்டுபிடித்துவிடுவான், படித்தவன், இதே வேலையைச் செய்தவன் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். மறைமுகமாகச் சொன்னதற்கே நீ என்ன எழுதினாய் என்று நினைத்துப் பார். ஆனாலும் ஆர்டர் கொடுக்க ஏழு நாள் இருந்தது. போனை எடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. உன் கோபத்துக்குப் பயந்து உன் வருடத்தைப் பாழாக்கினேன்.

இனிமேல் வாயை மூட மாட்டேன். அதனால் நேராகச் சொல்கிறேன். அந்தப் பெட்டிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடு. ஒன்றைக்கூட யாருக்கும் விற்காதே. இங்கே மாடி அறை காலியாக இருக்கிறது. இருவரும் வந்து இருங்கள். இடதுகைக்காரி சரியான கத்தரிக்கோல் செய்கிற ஒருவரை எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறாளாம். சின்னதாக, பத்துப் பத்தாகத் தொடங்கலாம். நான் பார்த்துச் சொல்கிறேன். நீ திட்டினாலும் சொல்கிறேன்.

பதில் போடு. திட்டியாவது போடு.

அக்கா


டிசம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். பதில் போட மூன்று மாதம் ஆகிவிட்டது. கோபத்தால் என்று நினைத்திருப்பாய். முதல் மாதம் கோபம்தான். பிறகு, சொல்வதற்கு ஒன்றும் நடக்கவில்லை. இப்போது நடந்திருக்கிறது.

ஹால் காலியாகிவிட்டது. ஐந்நூற்று அறுபத்தேழு பெட்டியையும் ஒருவரே வாங்கிக்கொண்டார். நீ சொன்ன பழைய இரும்புக் கடைக்காரர் இல்லை.

சிரிப்பு வீட்டுக்கு வந்தான். காலணியைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்தான், பண்பான ஆள்தான். ஆரம்பப் பள்ளிகளுக்குக் கைவேலைப் பெட்டி சப்ளை செய்கிற ஒப்பந்தம் தொழிற்சாலைக்குக் கிடைத்திருக்கிறது. இருபத்தைந்து பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்புக்கு இரண்டு இடது கைக் கத்தரிக்கோல் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்களாம். எந்தப் புண்ணியவான் எழுதினானோ. அவனிடம் இல்லை. என் கடையை இணையத்தில் பார்த்திருக்கிறான்.

“உங்க கதையைப் படிச்சேன் சார். கண்ணு கலங்கிடுச்சு” என்றான்.

“அது வெட்டாது” என்றேன். உடனே சொன்னேன், அக்கா. மறைக்கவில்லை.

“தெரியும் சார். வாங்கினவங்க எழுதினதையும் படிச்சேன்.”

“பிறகு?”

“சின்னப் பிள்ளைங்க சார். வெட்டலைன்னா டீச்சர் வெட்டிக் குடுப்பாங்க. இல்லாட்டி மத்த கையால வெட்டிப் பழகிக்கும். நீங்க பழகிக்கலையா?” சிரிக்கவில்லை. உண்மையிலேயே ஆறுதலாகத்தான் சொன்னான்.

சான்றிதழ் கேட்டான். தரச் சோதனை செய்தவர் கையெழுத்து வேண்டுமாம், அதுவும் வெளியே பெயரெடுத்தவர் கையெழுத்தாக. “நீங்க போட்டா யாரும் திறந்துகூடப் பாக்க மாட்டாங்க சார். அப்படி ஒரு பேரு உங்களுக்கு.” என் வாழ்க்கையில் என்னை இவ்வளவு பாராட்டிய ஆள் இன்னொருவர் இல்லை. மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள். வருடக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள்மேல் பழியைப் போட்டிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

‘இடது கைப் பயன்பாட்டுக்கு ஏற்றவை எனச் சோதித்து உறுதி செய்யப்பட்டது.’ போட்டுவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இருபத்து நான்கு வருடம் இதற்கா அவ்வளவு சண்டை போட்டேன் என்று ஆச்சரியமாக இருந்தது.

நீ பழைய இரும்புக்குப் போடு என்று எழுதியது சட்டைப் பையில் இருந்தது. நீ சரியாகச் சொன்னாய். இந்த முறை நேரத்துக்கும் சொன்னாய். நான்தான் கேட்கவில்லை, ஆகவே இதில் உன் பங்கு எதுவும் இல்லை, உன்னை நீயே குடைந்துகொள்ள வேண்டாம். மாடி அறைக்கு நாங்கள் வரவில்லை. கடையை மூடிவிட்டேன். முதல் பக்கத்தில் இருந்த கதையையும் அழித்துவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து பழைய தொழிற்சாலை, பழைய மேசை. நாற்காலி மட்டும் புதிது, சக்கரம் வைத்தது.

லாரிக்காரர்கள் பெட்டியை ஏற்றும்போது சும்மா இருக்க முடியாமல் கணக்குப் போட்டேன். வகுப்புக்கு இரண்டு என்றால் இருநூற்று எண்பத்து மூன்று வகுப்பறைகள். ஒன்று மிச்சம். அதையும் “இருக்கட்டும் சார்” என்று தூக்கிப் போட்டுக்கொண்டார்கள்.

மனைவி ஹாலைக் கழுவிவிட்டு நாற்காலிகளைப் போட்டிருக்கிறாள். வெளிச்சம் நன்றாக வருகிறது. பள்ளிகள் அடுத்த வாரம் திறக்கின்றன.

அத்தானுக்கு இன்னும் தைலம் வேண்டுமென்றால் எழுது, அனுப்புகிறேன்.

தம்பி